ஆசான் பார்க்காத நேரம்: சிலம்பத்தில் தனிப்பயிற்சிக்கு ஒரு முழு வழிகாட்டி

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆசானிடம் பாடம். மற்ற நாள்களில் கம்பு வீட்டு மூலையில் கிடக்கும். இல்லையென்றால் மொட்டை மாடிக்குப் போய், நன்றாக வருகிற சுற்றையே அரை மணி நேரம் சுற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவோம். இரண்டில் இதுதான் கூடுதல் கெடுதல். மூலையில் கிடக்கிற கம்பு நமக்குப் புதுப் பிழை எதையும் பழக்கிவிடாது. வந்ததையே சுற்றினால், அதில் ஒளிந்திருக்கும் பிழை ஆயிரம் தடவை உரம் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அதைக் கழற்ற ஆசான் படும் பாடு, முதலில் கற்றுக்கொடுக்கப் பட்டதைவிட அதிகம்.

பணிவு என்றால் களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, தொடக்க வணக்க அசைவுகளான சலாம் வரிசையை ஒழுங்காகச் செய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அதையெல்லாம் நாலு பேர் பார்க்கச் செய்கிறோம். யாருமே பார்க்காத மாடியில் ‘இது எனக்கு வரவில்லை’ என்று ஒப்புக்கொண்டு, வராததையே எடுத்துச் செய்வது வேறு கதை. அது மனசைப் பொறுத்தது மட்டுமல்ல, அதற்கு வழிமுறையும் உண்டு. பிழை கண்ணில் படும்படி பயிற்சியை அமைத்துக்கொண்டால் ஒப்புக்கொள்வது தானாக நடக்கும்.

இங்கே சொல்வது, ஆசானிடம் குறைந்தது மூன்று மாதம் காலடியும் (கால் எடுத்துவைக்கும் முறை) அடிப்படைச் சுற்றும் கற்றவர்களுக்கு. ஆசானே வேண்டாம், வீடியோ பார்த்துத் தொடங்கலாம் என்பவர்களுக்கு இது உதவாது. தொடக்கத்துப் பிழைகளைத் தன் கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் எவருமில்லை.

இடம், கம்பு

தரையில் வெறுங்காலோடு நின்றால் கம்பு நெற்றியைத் தொட வேண்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி, அதாவது 168 செ.மீ. கம்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக் கையை நீட்டி வீசினால் முனை உங்களிடமிருந்து எட்டடி தூரம் போகும். ஆகவே சுற்றிலும் எட்டடி, மொத்தம் 16 அடிக்கு 16 அடி காலியிடம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் நடுப்பிடிச் சுற்றும் (கம்பின் நடுவைப் பிடித்துச் சுற்றுவது) காலடியும் மட்டும் செய்யுங்கள். வீச்சு வேண்டாம். இடத்துக்குத் தகுந்தபடி வீச்சைச் சுருக்கிப் பழகினால் களத்திலும் கை சுருங்கியே நிற்கும்.

மாடியில் பயிற்சி செய்பவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும். மின்கம்பி கம்புக்கு எட்டும் தூரத்தில் போகிறது என்றால் அந்த மாடி உங்களுக்கு இல்லை. மூங்கில்தானே, மின்சாரம் பாயாது என்று சொல்வார்கள். ஈரம் ஏறிய மூங்கிலில் பாயும். அடுத்து, மாடிக் கதவைத் தாழிடுங்கள். குழந்தைகள் சொல்லிவிட்டு ஓடி வருவதில்லை.

தனியாகச் சுற்ற மூங்கில், பிரம்பு இரண்டும் சரி. ஜோடியாக மோதிப் பழகப் பிரம்புதான் நல்லது. மூங்கில் உடைந்தால் நீளவாக்கில் சிலாம்பு கிளம்பிக் கண்ணுக்கே ஆபத்து. பிரம்பு நார் நாராகப் பிரியுமே தவிரச் சிதறாது. பயிற்சிக்கு முன்பு ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பை அடியிலிருந்து நுனிவரை இழுத்துத் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு எழுந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். விரிசல் விழுந்திருந்தால் அந்தக் கம்பை ஓரம்கட்டிவிட வேண்டியதுதான், டேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். சுவரில் சாய்த்து வைத்தால் கம்பு வளைந்துவிடும். தரையில் கிடத்துங்கள், அல்லது இரண்டு ஆணி அடித்துப் படுக்கைவாக்கில் வையுங்கள்.

நோட்டு

ஒரு ரூல்டு நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: இன்று எடுத்த பாடம், தவறிய இடம், ஆசானிடம் கேட்க வேண்டியது. ‘இன்று நன்றாகச் செய்தேன்’ என்று எழுத இதில் இடம் வைக்காததற்குக் காரணம் உண்டு. நன்றாக வந்தது உடம்புக்கே தெரியும். தவறியதுதான் மறுநாள் காலையில் மறந்துபோகும்.

தவறை எழுதும்போது உடம்பின் எந்த உறுப்பு, எந்த நொடியில் என்று எழுதுங்கள். ‘சுற்று சரியில்லை’ என்று எழுதிவைத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘இடப்பக்கம் திரும்பும்போது பின்னங்கால் குதிகால் தூக்குகிறது, கம்பு தலைக்கு மேல் வந்த பிறகுதான் கால் ஊன்றுகிறது’ என்று எழுதினால் நாளைக்கு எதைச் செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

1. வணக்கமும் மூட்டு தளர்த்தலும்: 5 நிமிடம். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்ற வரிசையில்.
2. கம்பு இல்லாமல் காலடி: 15 நிமிடம்.
3. கம்போடு ஒரே ஒரு பாடம்: 15 நிமிடம். நேற்றைய நோட்டில் ‘தவறிய இடம்’ எதுவோ அதுதான் இன்றைய பாடம்.
4. பலவீனமான கை: 5 நிமிடம்.
5. நோட்டு எழுதுதல்: 5 நிமிடம். குளித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், கம்பைக் கீழே வைத்த கையோடு எழுதுங்கள்.

கவனியுங்கள், ‘எனக்குப் பிடித்த சுற்று’ என்பதற்கு இதில் நேரமே ஒதுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், கடைசிப் பத்து நிமிடம் அதற்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தினமும் வேண்டாம்.

காலடி: தரை சொல்லும் சாட்சி

காலடிப் பாடங்களின் பெயரும் வரிசையும் ஆசானுக்கு ஆசான், ஊருக்கு ஊர் மாறும். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் விதம் எல்லாக் காலடிக்கும் ஒன்றுதான்.

உலர்ந்த சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் உங்கள் காலடி போகும் கோட்டை வரையுங்கள், முக்கோணமோ சதுரமோ நேர்கோடோ எதுவானாலும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பாதங்களையும் முக்கி எடுத்து, நடக்கும் வேகத்தில் ஒரு முறை காலடி வையுங்கள். வேகம் வேண்டாம், ஈரக்கால் வழுக்கும். முடித்ததும் நின்று, காய்வதற்குள் தடங்களைப் பாருங்கள்.

முன்பாதம் மட்டும் பதிந்து குதிகால் பதியாமல் இருந்தால் எடை முன்னால் சாய்கிறது. எதிராளி கம்பைத் தட்டினாலே தடுமாறுவீர்கள். குதிகால் அழுத்தமாகவும் விரல்கள் மங்கலாகவும் இருந்தால் பின்னால் சாய்ந்து நிற்கிறீர்கள், அடுத்த அடி தாமதமாகத்தான் கிளம்பும். தடம் இழுபட்ட மாதிரி நீண்டிருந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்க்கிறீர்கள். சிமெண்டில் இதனால் இடறாது, மண் களத்தில் கல் இடறும்போது தெரியும். ஐந்து முறை செய்யும்போது ஒவ்வொரு முறையும் தடம் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், அந்தக் காலடி இன்னும் உங்களுடையதாகவில்லை. கம்பை எடுக்காதீர்கள்.

‘மூணு வருஷமா சுத்துறேன், இன்னும் காலடியா?’ என்று தோன்றும். தடங்களைப் பார்த்த பிறகு தோன்றாது.

பதினைந்து நிமிடத்தை மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடம் ஈரத்தடச் சோதனை, ஐந்து நிமிடம் கோட்டின் மேல் உலர்ந்த காலோடு, கடைசி ஐந்து நிமிடம் கோட்டைப் பார்க்காமல் எதிரே சுவரில் நெஞ்சு உயரத்தில் இருக்கும் ஒரு புள்ளியைப் பார்த்தபடி. கண் கீழே போனால் தொடக்கத்திலிருந்து.

கம்பு: நூல், ஓசை, எலுமிச்சம்பழம்

நூல். ஆசான் காட்டிய பிடியில் கம்பைப் பிடித்து, இரண்டு கைகளும் இருக்கும் இடத்தில் சிவப்பு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ஐம்பது சுற்று முடித்ததும் அப்படியே நின்று, நூலுக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். இரண்டு விரல் நகர்ந்திருந்தால் பரவாயில்லை. நான்கு விரலுக்கு மேல் நகர்ந்தால் விரல்கள் வேலை செய்யவில்லை, உள்ளங்கை மட்டும் பிடித்திருக்கிறது. கை கொஞ்சமும் நகரவில்லை, ஆனால் முன்கை கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் அதுவும் பிழைதான். அப்படி இறுக்கிப் பிடித்துச் சுற்றுகிறவர்களுக்கு முதலில் மணிக்கட்டு வலிக்கும், பிறகு முழங்கையின் வெளிப்பக்கம். வலி வந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொடராதீர்கள். கம்பை வைத்துவிட்டு ஒரு வாரம் காலடி மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஓசை. சிலம்புதல் என்றாலே ஒலித்தல்தான். அந்த ஒலி வெறும் அலங்காரமில்லை, அது ஓர் அளவுகோல். ஒரு வெட்டு வெட்டும்போது ‘விர்’ என்ற சத்தம் எந்த இடத்தில் எழுகிறது என்று காதால் கவனியுங்கள். முனை இலக்கை நெருங்கும்போது சத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும். தோளுக்குப் பின்னாலேயே சத்தம் கேட்டுவிட்டு, இலக்கில் அடங்கிப்போனால் வேகம் முழுவதும் கிளம்பும் இடத்திலேயே தீர்ந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் தோள்தான்: கம்பை எடுக்கும்போதே தோள் காதுவரை ஏறி, முழுப் பலத்தையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. தோளை இறக்கி, பாதி வேகத்தில், சத்தமே வராமல் இருபது வெட்டு வெட்டுங்கள். பிறகு கடைசி ஒரு முழத்தில் மட்டும் மணிக்கட்டை முடுக்குங்கள். இருபதில் ஐந்துதான் சரியாக வரும். ஐந்து என்று நோட்டில் எழுதுங்கள்.

தொடர் சுற்றிலும் இப்படித்தான். சத்தம் சீராக இருக்க வேண்டும். வலப்பக்கம் ‘விர்ர்’, இடப்பக்கம் ‘விப்’ என்று அறுந்து கேட்டால் இடப்பக்க மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடுப்பிடிச் சுற்றைப் பத்து முறை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கண் மறைத்ததைக் காது காட்டிக்கொடுக்கும்.

எலுமிச்சம்பழம். கொடிக்கம்பியிலிருந்தோ மரக்கிளையிலிருந்தோ ஒரு பழத்தை நூலில் கட்டிப் புருவ உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் அதைத் தொடவே கூடாது. குத்தும் வெட்டும் பழத்துக்கு இரண்டு விரல் முன்னால் நிற்க வேண்டும். இரண்டாம் வாரம் தொட வேண்டும், ஆனால் பழம் ஒரு கையகலத்துக்கு மேல் ஆடக்கூடாது. அடிக்க எல்லோராலும் முடியும். நிறுத்தத் தெரிந்தால்தான் ஜோடி சேர ஆசான் உங்களை நம்பி விடுவார். பழம் பறந்துபோனால் தோளால் அடித்தீர்கள், கம்பு தாண்டிப் போய்விட்டால் முன்கால் தேவைக்கு மேல் உள்ளே போய்விட்டது.

கீழ்ச்சுற்றில் கம்பு தரையைத் தட்டுகிறது என்று பலர் கம்பைக் குறை சொல்வார்கள். கம்பின் நீளத்தில் தவறில்லை. களைத்ததும் முழங்கால் கூடுதலாக மடங்கி, இடுப்பு இறங்கிவிடுகிறது. முதல் தட்டு எத்தனையாவது சுற்றில் விழுகிறது என்று எண்ணி எழுதுங்கள். அதுதான் உங்கள் உண்மையான தாக்குப்பிடிக்கும் எல்லை. அதற்கு மேல் சுற்றுவது பிழையைப் பழகுவதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னக் குழந்தைகளை மணிக்கணக்காக இடைவிடாமல் சுற்ற வைத்துச் சாதனைச் சான்றிதழ் வாங்கும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது பெரிய நன்மை. அந்த உற்சாகத்தில் பெற்றோர் சான்றிதழ்களின் எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கினால், வளரும் மணிக்கட்டும் தோளும்தான் விலை கொடுக்கின்றன. பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் தனிப்பயிற்சி இருபது நிமிடம் போதும், அதிலும் பாதி காலடி.

போன் கேமரா

வாரத்துக்கு ஒரு முறை, முப்பது விநாடி. போனை இடுப்பு உயரத்தில், பன்னிரண்டு அடிக்கு அப்பால், கம்பு எட்டாத தூரத்தில் வையுங்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டு, பாதி வேகத்தில், மூன்று தடவை பாருங்கள்: முதல் தடவை பாதம் மட்டும், இரண்டாம் தடவை தோள் மட்டும், மூன்றாம் தடவை முகம் மட்டும். முகத்தில் பல் கடிப்பது, மூச்சைப் பிடிப்பது, கண் கம்பு முனையைத் துரத்துவது எல்லாம் தெரியும். கம்பைப் பார்க்காதீர்கள், அது அழகாகத்தான் இருக்கும்.

பதிவை ஸ்டேட்டஸில் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் போடுவதற்காக எடுத்த பதிவில் உங்களுக்கு வந்ததைத்தான் செய்திருப்பீர்கள். திருத்திக்கொள்ள எடுக்கும் பதிவு தனியாக இருக்கட்டும்.

ஜோடிப் பயிற்சி: பட்டதைச் சொல்வது

தொடுமுறைப் போட்டிகளில் கம்பு முனையில் சாந்து தோய்த்து, எதிராளி உடம்பில் பட்ட பொட்டுகளை எண்ணுவது பழைய வழக்கம். பயிற்சியில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். திருநீறையோ கோலமாவையோ குழைத்து முனையில் தடவிக்கொண்டு, கறுப்பு அல்லது கருநீல பனியன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிட ஆட்டம் மூன்று. தலைக்கவசம், கண்ணுக்கு மறைப்பு, கையுறை கட்டாயம். பிரம்புக் கம்பு, பாதி வேகம்.

விதி ஒன்றுதான்: பட்டவர் ‘பட்டது’ என்று தானே சொல்ல வேண்டும், அடித்தவர் சொல்லக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் பனியனில் உள்ள பொட்டுகளை எண்ணி, நீங்கள் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஐந்து பொட்டு, நீங்கள் சொன்னது மூன்று என்றால் இரண்டு அடி உங்களுக்குத் தெரியாமலே விழுந்திருக்கிறது, அல்லது தெரிந்தும் விழுங்கிவிட்டீர்கள். இரண்டில் எது என்பது உங்களுக்குத் தெரியும். நோட்டில் எழுத வேண்டியது நீங்கள் வைத்த பொட்டுகள் அல்ல, உங்கள் மேல் விழுந்த பொட்டுகளின் இடம். நான்கு வாரம் எழுதினால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். முழங்கைக்குக் கீழே முன்கையில் என்றால் தடுத்த பிறகு கை அங்கேயே தங்குகிறது. இடது விலா என்றால் திரும்பும்போது முழங்கை திறந்துகொள்கிறது.

உங்களைவிட இளையவரோடு ஜோடி சேர்ந்தால் நீங்கள் தடுப்பு மட்டும் செய்யுங்கள், அடிக்க வேண்டாம். ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு சோம்பலாகத் தடுத்தால் தம்பி ஒரு குத்து விடுவான், அதையும் ‘பட்டது’ என்று சொல்லியாக வேண்டும்.

ஆசானிடம் கேட்பது

ஒரு வாரத்து நோட்டில் பத்துக் கேள்வி சேர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். எடுப்பதற்கு முன் அதை மூன்று நாளாவது சொந்தமாக முயன்று பார்த்திருக்க வேண்டும். ‘ஆசானே, இடப்பக்கத் திருப்பத்துல குதிகால் எழும்புது. இடுப்ப முன்னாடியே திருப்பிப் பாத்தேன், அப்பவும் எழும்புது. ஒரு தடவ பாக்குறீங்களா?’ என்று கேட்டால் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வருவார். ‘சரியா செய்றேனா?’ என்று கேட்டால் ‘செய், செய்’ என்றுதான் பதில் வரும்.

வீடியோவில் பார்த்த வேறு ஊர்ப் பாடத்தை உடனே உங்கள் வரிசையில் ஒட்டவைக்காதீர்கள். அந்தக் கை அசைவு எந்தக் காலடியின் மேல் நிற்கிறது என்பது படத்தில் தெரியாது. நோட்டில் எழுதி, ஆசானிடம் காட்டி, ‘நம்ம பாடத்துல இதுக்கு ஈடு எது?’ என்று கேளுங்கள். பல சமயம் அது ஏற்கெனவே நீங்கள் கற்ற பாடத்திலேயே வேறு பெயரில் இருக்கும்.

தெருவில்

தற்காப்புக்காகக் கற்கிறோம் என்று சொல்பவர்கள் இதைத் தனிப்பயிற்சியில் சேர்த்தே ஆக வேண்டும். அலங்காரச் சுற்று வேறு, போர்முறை வேறு. திருவிழாவில் இரண்டு கம்பு சுற்றிக் கைதட்டல் வாங்கியவர் கத்தியோடு வருபவனை மடக்கிவிடுவார் என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்து. தெருவில் உங்கள் கையில் கம்பு இருக்காது. இடமும் 16 அடி இருக்காது.

எனவே தினமும் நடக்கும் வழியில் இதைப் பழகுங்கள்: எதிரே வருபவருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு கம்பு நீளம் இருக்கிறதா? வெளியேறும் வழி எந்தப் பக்கம்? ஒருவர் கத்தினால் உங்கள் காலடி பின்னால் போகிறதா, வீம்பில் முன்னால் போகிறதா? பையையோ போனையோ கேட்டால் கொடுத்துவிட்டு விலகுவது, திட்டினால் பதில் பேசாமல் திரும்பி நடப்பது, 112-ஐ அழைப்பது எல்லாம் பாடங்கள்தான். வாய்ச்சண்டையில் பின்வாங்க முடியாதவருக்குக் காலடி வந்தும் பயனில்லை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. 37ஆம் பிரிவு அதற்கு எல்லை போடுகிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு செய்ய உரிமையில்லை. காவல் துறை போன்ற அரசு உதவியை நாட அவகாசம் இருந்தால் அப்போதும் இந்த உரிமை இல்லை. எதிராளி ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப்போய் அடிக்கும் அடி தற்காப்பில் சேராது. எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு விரல் முன்னால் நிறுத்தப் பழகிய கைக்கு இந்த எல்லை புரியும்.

விட்டுப்போன பிறகு திரும்பும்போது

காய்ச்சல், தேர்வு, வேலை மாற்றம் என்று மாதக்கணக்கில் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். திரும்பும் முதல் நாள் பழைய வேகத்தில் சுற்றிப் பார்க்கும் ஆசையில்தான் தோள் பிடித்துக்கொள்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் முதல் வாரம் கம்பைத் தொடாமல் காலடியும் ஈரத்தடமும் மட்டும். இரண்டாம் வாரம் நடுப்பிடிச் சுற்று, பழைய எண்ணிக்கையில் பாதி. மூன்றாம் வாரம் நோட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பத்துப் பக்கம் பின்னால் போய், அங்கே ‘தவறிய இடம்’ என்று எழுதியிருப்பதிலிருந்து தொடங்குங்கள். களத்துக்குப் போகும் நாளில் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். பின்வரிசையில் இடம் இருக்கும், அங்கே நில்லுங்கள்.